தொங்கிய கீசர் மொட்டைமாடி ஏறும்: பழைய வெந்நீர்த் தொட்டியை மறுபடி உழைக்க வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் திண்டுக்கல் வீட்டுக் குளியலறைச் சுவரில் 13 வருஷம் தொங்கிய 25 லிட்டர் கீசர், ஒரு கார்த்திகை மாதக் காலையில் சூடாவதை நிறுத்திவிட்டது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் தம்பி, "காயில் போயிடுச்சு சார். இந்த மாடலுக்கு இப்ப பார்ட்ஸ் வர்றதில்ல, புதுசு மாட்டிடுங்க" என்றார். புதியது வந்தது. பழையது மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்தது. ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் போய், இப்போது பழைய இரும்புக் கடைக்காரர் தராசோடு வருகிறார். அவர் சொன்ன விலை எனக்கு ஒப்பவில்லை. கொடுப்பதற்கு முன் ஒருமுறை திறந்து பார்த்துவிடலாம் என்று ஸ்பானரை எடுத்தேன்.

உள்ளே கெட்டிருந்தது சூடேற்றும் காயில் ஒன்றுதான். தொட்டியில் பொட்டுத் துரு இல்லை. அதைச் சுற்றி இரண்டு விரல் கனத்துக்கு நுரைக்காப்பு அப்படியே இருந்தது. குழாய் இணைப்புகளின் மரை தேயவில்லை. வீட்டு கீசர் தொட்டிகளைப் பெரும்பாலும் 6.5 அல்லது 8 பார் அழுத்தம் தாங்கும்படி செய்கிறார்கள். நம் மொட்டைமாடித் தொட்டி கொடுக்கும் அழுத்தம் ஒரு பாரைத் தொடுவதே அபூர்வம். இவ்வளவு உறுதியாகச் செய்த ஒரு பாத்திரத்தை, ஒரு கம்பிச்சுருள் போனதற்காக நசுக்கி உருக்கக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதன்பிறகு சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் வீடுகளில் இருந்து வந்ததையும் சேர்த்து ஐந்தாறு கீசர்களைப் பிரித்திருக்கிறேன். அதில் கற்றதை, ஸ்பானரே பிடித்துப் பழகாதவருக்கும் புரியும்படி எழுதுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் 10 முதல் 35 லிட்டர் வரை தண்ணீரைச் சேர்த்துவைத்துச் சூடாக்கும் மின் கீசர்களுக்கு மட்டும். 3 லிட்டர் உடனடி கீசரில் வேலைக்கு ஆகிற தொட்டி இல்லை. கேஸ் கீசரில் தொட்டியே கிடையாது, அதை ஒதுக்கிவிடுங்கள்.

முதல் படி: எப்படிச் செத்தது என்று பாருங்கள்

இதைச் செய்யாமல் வேறு எதையும் தொடங்காதீர்கள். கீசர் எதனால் நின்றது என்பதை வைத்துத்தான் அது அடுத்து என்னவாகலாம் என்று முடிவெடுக்க முடியும்.

தண்ணீர் வருகிறது, சூடு மட்டும் இல்லை என்றால் காயிலோ தெர்மோஸ்டாட்டோ போயிருக்கும். சுவிட்ச் போட்டதும் எம்சிபி விழுகிறது என்றால் காயிலின் உறை வெடித்து மின்சாரம் கசிகிறது. இரண்டிலும் தொட்டி நன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதை மாடிக்கு ஏற்றலாம்.

அடியிலிருந்து துருநிறத் தண்ணீர் சொட்டுகிறது, குழாயில் செம்மண் கலங்கலாக வருகிறது என்றால் தொட்டியே அரித்துவிட்டது. ஆனால் ஒன்று, சொட்டும் கீசர் எல்லாம் ஓட்டை கீசர் அல்ல. இணைப்புக் குழாயின் வாஷரோ, காயில் தட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் கேஸ்கட்டோ தேய்ந்திருந்தாலும் இப்படித்தான் சொட்டும். அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதவேண்டாம், நான்காம் படியில் அது தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: சுவரிலிருந்து இறக்குங்கள்

எம்சிபியை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். பிளக் இல்லாமல் வயரை நேரடியாகச் சுவருக்குள் கொடுத்திருந்தால் அதைக் கழற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இந்த ஓர் இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஈரக் குளியலறையும் 2,000 வாட் இணைப்பும் சேர்ந்த இடம் அது.

சூடு முழுக்க ஆறட்டும். கீசருக்குப் போகும் தண்ணீர் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து விடுங்கள். இரண்டு சொட்டு வந்து நின்றுவிடும். உடனே தொட்டி காலி என்று நினைத்துவிடக் கூடாது. கீசருக்குள் குளிர்நீர் நுழையும் குழாய் குட்டையானது, அடியிலேயே முடிந்துவிடும். வெந்நீர் வெளியேறும் குழாய் நீளமானது, தொட்டியின் உச்சிவரை போகும். மேலே மிதக்கும் சூட்டை எடுப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் உள்ளே 25 லிட்டரும் அப்படியே நிற்கும். அடியில் வாளியை வைத்துக் குளிர்நீர் இணைப்பைக் கழற்றுங்கள். நீல வளையம் போட்டது அது. உள்ளே போகும் தண்ணீர் திரும்பி வராதபடி அதில் ஒரு வால்வு இருக்கும், அதையும் சேர்த்துக் கழற்றினால்தான் தண்ணீர் இறங்கும். அடுத்து சிவப்பு வளையம் போட்ட பக்கத்தைக் கழற்றினால் நீளக் குழாய் வழியாகக் காற்று ஏறும், தண்ணீர் கடகடவென்று கொட்டும்.

காலி கீசரே 10 கிலோ வரும், உப்பு படிந்திருந்தால் இன்னும் கூடும். ஏணிமேல் ஒருவர், கீழே தாங்க ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும்.

மூன்றாம் படி: திறந்து, உப்பை எடுங்கள்

அடிமூடியின் திருகுகளைக் கழற்றினால் வயர்களும் தெர்மோஸ்டாட்டும் தெரியும். வயர்களை வெட்டி எடுத்துவிடுங்கள். பின்னொரு நாளில் யாரும் இதை மறுபடி மின்சாரத்தில் இணைக்க வழி இருக்கக் கூடாது. நடுவில் ஒரு வட்டத் தட்டு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். துரு பிடித்திருந்தால் தேங்காய் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் எதிரெதிர் போல்ட்டுகளாகத் தளர்த்துங்கள். தட்டை உருவினால் காயில் அதோடு வரும். போர்வெல் தண்ணீர் வீடு என்றால், காயில் தெரியாத அளவுக்குச் சுண்ணாம்புக் காறை அப்பிக்கொண்டு வரும். எங்கள் கீசரில் இரண்டு கை நிறைய அள்ளினேன். காயில் எதனால் செத்தது என்பதற்குச் சாட்சியே அந்தக் காறைதான். சூடு தண்ணீருக்குப் போகவிடாமல் காறை தடுத்ததால் காயில் தன் சூட்டிலேயே வெந்திருக்கிறது.

காயிலுக்குப் பக்கத்தில் அரித்துப்போன குச்சி ஒன்று நிற்கும். அது மக்னீசியக் கம்பி. தொட்டியின் இரும்பை அரிக்க வேண்டிய வேதிவினை, அதைவிட எளிதில் அரிபடும் மக்னீசியத்தை முதலில் தின்னட்டும் என்று வைப்பது. இதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆகவே தொட்டியில் மறுபடி தண்ணீர் நிரப்பப் போகிறீர்கள் என்றால் கீசர் உதிரிபாகக் கடையில் புதுக் கம்பி ஒன்று வாங்கிப் போடுங்கள். தொட்டியின் அடுத்த ஆயுள் இதில்தான் இருக்கிறது. பழைய கம்பியை மட்டும் தீயில் போடாதீர்கள். மக்னீசியம் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது.

மீதிக் காறையைக் கரைக்க எலுமிச்சை உப்பு போதும். 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்குக் கால் கிலோ கலந்து, மக்னீசியக் கம்பியை வெளியே எடுத்துவிட்டு, தொட்டியில் ஊற்றி ஓர் இரவு வையுங்கள். நுரைத்துப் பொங்கும், அதனால் வாயை அடைக்காதீர்கள். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் வேண்டவே வேண்டாம். அது காறையோடு தொட்டியையும் தின்றுவிடும்.

இப்போது தொட்டி எதனால் ஆனது என்று பாருங்கள். உள்ளே டார்ச் அடித்தால் பீங்கான் கோப்பைபோல் வழவழப்பான பூச்சு தெரிகிறது, காந்தம் பச்சென்று ஒட்டுகிறது என்றால் கண்ணாடிப்பூச்சு கொடுத்த இரும்பு. பளபளப்பு வெள்ளியாக இருந்து காந்தம் ஒட்டாவிட்டால் எவர்சில்வர், ஆனால் சில வகை எவர்சில்வரில் காந்தம் ஒட்டவும் செய்யும். செந்நிறமாக இருந்தால் செம்பு. முன்காலத்து கீசர்களில் செம்புத் தொட்டி இருந்தது. அப்படி ஒன்று கிடைத்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை, நல்ல பாத்திரக் கடையில் எடைக்குக் கேளுங்கள். இரும்பு விலை சொல்லும் ஆளிடம் கொடுத்துவிடாதீர்கள்.

நான்காம் படி: ஓர் இரவு சோதனை

கேஸ்கட்டைப் புதிதாக மாற்றி, தட்டை மறுபடி இறுக்குங்கள். காயிலை அதிலேயே விட்டுவிடலாம், அது இனி வெறும் அடைப்பான். காயில் உறை வெடித்து அதன் வழியே தண்ணீர் கசிந்தால், லேத் பட்டறையில் பழைய தட்டைக் காட்டி அதே அளவில் துளை இல்லாத தட்டு ஒன்று செய்து வாங்குங்கள். மக்னீசியக் கம்பி மாட்ட மட்டும் மரையோடு ஒரு துளை கேளுங்கள்.

ஒரு வாயை எண்ட் பிளக்கால் அடைத்து, மறு வாய் வழியாக நிரப்பி, செய்தித்தாள் விரித்து நிறுத்தி வையுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் தொட்டி உயிரோடு இருக்கிறது. நனைந்திருந்தால், கசிவது கேஸ்கட்டா உடம்பா என்று விரலால் தடவிப் பாருங்கள். உடம்பில் ஊசிமுனைத் துளை என்றால் எம்சீல் வைத்து அடைத்துப் பயனில்லை. உள்பக்கம் அரிப்பு தொடரும், அடுத்த மாதம் பக்கத்தில் இன்னொரு துளை விழும். அதற்கான வேலைகள் பின்னால் வருகின்றன.

செய்யவே கூடாதவை

பழைய கீசர் என்றதும் பலருக்கும் முதலில் வரும் யோசனை, அடியில் விறகு வைத்து பாய்லர் ஆக்குவது. நம் வீடுகளில் செம்புப் பாய்லர் இருந்த நினைவு அது. நடுக்குழாயில் கரியும் விறகும் போட, சுற்றிலும் தண்ணீர் கொதிக்கும், மேலே புகை போகும். ஆனால் அந்தப் பாய்லரின் மூடி சும்மா மூடி வைத்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும் திறந்த பாத்திரம் அது, நீராவி போக வழி இருந்தது. கீசர் தொட்டி அடைபட்ட பாத்திரம். கொதிக்கும் தண்ணீர் ஆவியாகும்போது ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். வழி இல்லாவிட்டால் தொட்டி குண்டாக வெடிக்கும். இதில் சமரசமே கிடையாது, கீசர் தொட்டிக்கு அடியில் நெருப்பு வைக்காதீர்கள்.

தொட்டியைப் பாதியாக வெட்டி அடுப்பு, தணல்சட்டி செய்வதும் வேண்டாம். கண்ணாடிப்பூச்சு சூட்டில் சில்லுசில்லாகத் தெறிக்கும். நுரைக்காப்பு எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும், அது கொல்லும் நச்சு. காற்று அடைக்கும் கம்ப்ரஸர் டேங்காக ஆக்குவதும், சாண எரிவாயு சேர்த்துவைப்பதும் இதே பட்டியல். குடிதண்ணீர், மோர், பஞ்சகவ்யம் எதையும் இதில் ஊற்றிவைக்க வேண்டாம்.

தொட்டி உயிரோடு இருந்தால்: வெயில் கீசர்

இனிமேல் சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்தமான வேலை. கறுப்புத் தொட்டியை கண்ணாடி மூடிய பெட்டியில் வைத்து வெயிலில் காட்டுவது. இது புதிதல்ல. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து கிளாரன்ஸ் கெம்ப் 1891இல் காப்புரிமை பெற்ற 'கிளைமாக்ஸ்' வெந்நீர்க் கருவி இதுதான். மரப்பெட்டிக்குள் கறுப்பு வண்ணம் பூசிய உலோகத் தொட்டிகள், மேலே கண்ணாடி. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அந்த நாட்டுக்காரர்கள் அதை மறுபடி கையில் எடுத்தார்கள். பலர் அதற்கு எடுத்துக்கொண்டது பழைய கீசர் தொட்டிகளைத்தான்.

கணக்கு நம் பக்கம் இருக்கிறது. 25 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 0.6 யூனிட் சக்தி வேண்டும். தமிழ்நாட்டில் தெளிந்த ஒரு நாளில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 5 யூனிட் அளவுக்கு வெயில் விழுகிறது. இரண்டரை அடிக்கு இரண்டடிக் கண்ணாடியில் 2 யூனிட்டுக்கு மேல். அதில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்தாலே, 25 டிகிரியில் உள்ளே போன தண்ணீர் சாயங்காலம் 45 டிகிரியைத் தாண்டும். இதமாகக் குளிக்க 40 போதும்.

தொட்டியைத் தயார் செய்தல். வெளிக்கூட்டைக் கழற்றுங்கள். நுரைக்காப்பு தொட்டியோடு ஒட்டியிருக்கும். பழைய ஹாக்ஸா பிளேடால் பாளம் பாளமாக அறுத்து எடுங்கள், முகக்கவசம் கட்டாயம். நுரைக்குப் பதில் கண்ணாடிப் பஞ்சு இருந்தால் முழுக்கைச் சட்டை, கையுறை போடுங்கள், தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். எடுத்த பாளங்களை எறியாதீர்கள், பெட்டிக்கு அதுதான் காப்பு. தொட்டியை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு கை ரெட் ஆக்சைடு, அது காய்ந்தபின் இரண்டு கை கரும்பலகை பெயின்ட். பளபளக்கும் கறுப்பு எனாமல் வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்கு அடிக்கும் மங்கல் கறுப்புதான் சூட்டை விழுங்கும்.

பெட்டி. 25 லிட்டர் தொட்டி ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் குறுக்களவும் 42 சென்டிமீட்டர் உயரமும் இருக்கும். உங்களுடையதை அளந்துகொள்ளுங்கள். உள்ளளவு இரண்டரை அடி நீளம், இரண்டடி அகலம், 14 அங்குல ஆழம் என்று பெட்டி அடித்தால் தொட்டியைச் சுற்றி வெயில் புக இடம் கிடைக்கும். பழைய அலமாரிக் கதவு, கட்டில் பலகை எதுவும் ஆகும். அடியிலும் நான்கு பக்கமும் இரட்டைச் சுவர், நடுவில் இரண்டு அங்குலம் நுரைப்பாளங்கள். போதாவிட்டால் காய்ந்த தேங்காய் நார் திணியுங்கள். தெர்மாகோல் மட்டும் வேண்டாம். தண்ணீர் இல்லாத நேரத்தில் பெட்டிக்குள் சூடு 80 டிகிரியைத் தாண்டும், தெர்மாகோல் சுருங்கி உருகும். உட்சுவர் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டுங்கள். பக்கவாட்டில் விழும் வெயிலைத் தொட்டியின் முதுகுக்குத் திருப்பிவிடுவது அந்தத் தாள்தான். அடி மூலையில் பென்சில் கனத்தில் ஒரு துளை போட்டால் வேர்க்கும் ஈரம் வடியும்.

கண்ணாடி. 4 அல்லது 5 மில்லிமீட்டர் ஜன்னல் கண்ணாடி. சட்டத்தில் பிதுங்கப் பொருத்தாமல் சுற்றிலும் ஒரு நூல் இடைவெளி விட்டு சிலிக்கானால் ஒட்டுங்கள். சூட்டில் விரிய இடமில்லாமல் இறுகிக் கிடந்த என் முதல் கண்ணாடி மாசி மாத மதியம் ஒன்றில் குறுக்கே விரிசல் விட்டது.

வைக்கும் இடம். தெற்கு பார்த்து வையுங்கள். நம் ஊர்கள் வடக்கு அட்சம் 8 முதல் 14 டிகிரிக்குள் இருக்கின்றன. வெந்நீர் தேவைப்படும் மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். கண்ணாடியை ஏறத்தாழ 25 டிகிரி சாய்த்தால் அந்த மாதங்களுக்குச் சரியாக இருக்கும். பெட்டியின் பின்பக்கத்துக்கு அடியில் நான்கைந்து வரிசைச் செங்கல் கொடுத்தால் அந்தச் சாய்வு கிடைத்துவிடும். தொட்டி சுவரில் தொங்கியதுபோலவே குழாய் வாய்கள் கீழ்ப்பக்கம் வரட்டும். அப்போதுதான் நீளக்குழாய் உச்சியிலிருந்து சூட்டை எடுக்கும். தண்ணீரோடு மொத்த எடை 50 கிலோவைத் தாண்டும், கைப்பிடிச் சுவர்மேல் வைக்காதீர்கள். கீழே சுவர் வருகிற இடமாகப் பார்த்துத் தளத்தில் வையுங்கள். மேல்நிலைத் தொட்டியின் அடிமட்டத்தைவிடப் பெட்டி தாழ்வாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் வராது.

குழாய் இணைப்பு. இந்தப் பத்தியை இரண்டு முறை படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் முன்னூறு மில்லிக்கும் மேலாக விரியும். அந்த விரிவுக்குப் போக்கிடம் வேண்டும். ஆகவே முதல் வேலை, குளிர்நீர் வாயில் இருந்த திரும்பாத வால்வை மறுபடி போடாதீர்கள், வெறும் பால் வால்வு போதும். இரண்டாவது, வெந்நீர் வாயிலிருந்து வரும் குழாயில் ஒரு டீ வைத்து, அதிலிருந்து ஒரு குழாயை மேல்நிலைத் தொட்டியின் தண்ணீர் மட்டத்தைவிட ஓர் அடி உயரமாக ஏற்றி, வாயைத் திறந்தே விடுங்கள். காற்றுக்குழாய் என்று பிளம்பர்கள் சொல்வது இதைத்தான். நுனியைக் கீழ்நோக்கி வளைத்துக் கொசுவலை கட்டிவிடலாம், அடைக்கக் கூடாது. பிரஷர் பம்ப் வைத்த வீட்டில் இந்த அமைப்பு வேண்டாம், காற்றுக்குழாய் வழியே தண்ணீர் பீய்ச்சும்.

வெந்நீர்ப் பக்கம் முழுக்க சிபிவிசி குழாய்தான் போடவேண்டும். சாதாரண பிவிசி 60 டிகிரிக்கே தளர்ந்துவிடும். குழாயின் மேல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் பழைய சாக்கைக் கட்டுங்கள். சூடும் காக்கும், வெயிலில் குழாய் நொறுங்கிப்போவதையும் தடுக்கும். குளியலறை வரை இறக்கத் தயக்கமாக இருந்தால் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு குழாய் வைத்து வாளியில் பிடியுங்கள். ஒரு வருஷம் அப்படித்தான் நாங்கள் பிடித்தோம்.

முதன்முதலில் நிரப்புவது அதிகாலையில் இருக்கட்டும். வெயிலில் காய்ந்து தகிக்கும் வெறும் தொட்டியில் குளிர்நீர் பாய்ந்தால் கண்ணாடிப்பூச்சு விரிசல் விடும்.

மூடி. இதைப் பலர் விட்டுவிடுவார்கள். பகலெல்லாம் சூட்டை உள்ளே விட்ட கண்ணாடி வழியாகத்தான் இரவெல்லாம் சூடு வெளியேறும். மூடி இல்லாத பெட்டியின் தண்ணீர் சாயங்காலக் குளியலுக்கு அருமையாக இருக்கும், விடியலில் வெதுவெதுப்புதான் மிஞ்சும். ஒரு பலகையில் நுரைப்பாளம் ஒட்டி, உட்பக்கம் அலுமினியத் தாள் போர்த்தி, பெட்டியின் வடக்கு விளிம்பில் கீல் வைத்து மாட்டுங்கள். பகலில் நிமிர்த்தி நிறுத்தினால் கண்ணாடிபோல் வெயிலைத் தொட்டிமேல் திருப்பும். பொழுது சாய்ந்ததும் மூடிவிட்டால் அதுவே போர்வை. வீட்டில் கோழி அடைக்கிற மாதிரி இது அன்றாட வேலையாகிவிடும்.

புதிய மின் கீசர் இருக்கிற வீடு என்றால், வெயில் கீசரின் வெந்நீரை அதன் குளிர்நீர் வாய்க்குக் கொடுங்கள். 40 டிகிரியில் நுழைகிற தண்ணீருக்கு மின்சாரம் செய்ய மிச்சம் கொஞ்சந்தான். மேகமூட்ட நாளிலும் குளியல் நிற்காது. ஆனால் அந்த மின் கீசரின் பாதுகாப்பு வால்வைத் தொடாதீர்கள், அது அதனிடத்தில் இருக்கட்டும்.

இந்தத் தண்ணீர் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ மட்டும். தேங்கிய வெதுவெதுப்பு நீரில் லெஜியோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் பெருகும். தினமும் எடுத்துப் புழங்குங்கள், ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தால் முழுக்க வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். சித்திரை, வைகாசியில் தண்ணீர் கொப்புளம் போடும் அளவுக்குச் சுடும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அந்த மாதங்களில் பெட்டியைச் சாக்கால் மூடி வைத்துவிடுவதே நல்லது.

அவ்வளவு வேலை வேண்டாம் என்றால்: சொட்டுநீர்த் தொட்டி

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது அரை நாள் வேலை. தொட்டியை மூன்றடி உயரத்தில் நிழலாக வையுங்கள். இந்த வேலைக்குக் குட்டைக் குழாய்தான் வெளியேறும் வாய், நீளக் குழாய் காற்று புகவும் தண்ணீர் ஊற்றவும். கீழ் வாயில் ஒரு வால்வு, அதிலிருந்து சொட்டுநீர் டியூப், செடிக்கு ஒன்றாகத் திருகி அளவு மாற்றும் சொட்டுவான். பத்துத் தொட்டிச் செடிகளுக்கு ஆளுக்கு இரண்டரை லிட்டர். கல்யாணத்துக்கு இரண்டு நாள் ஊருக்குப் போனால் கத்தரியும் தக்காளியும் வாடாமல் நிற்கும். நிழலில் வைக்கச் சொன்னதற்குக் காரணம், வெயிலில் சூடான தண்ணீர் வேரைச் சுடும்.

ஓட்டை விழுந்த தொட்டிக்கு: மாவு பொங்கும் கூடு

கொடைக்கானலில் இருக்கும் என் அக்கா ஒவ்வொரு மார்கழியிலும் போனில் சொல்லும் புகார் ஒன்றுதான்: "மாவு பொங்கவே மாட்டேங்குதுடா தம்பி." அங்கே இரவில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகும். இட்லி மாவுக்கு 30 டிகிரி வேண்டும். ஒரு ஓட்டைக் கீசரைப் பிரிக்கும்போதுதான் உறைத்தது: உள்ளே உலோகச் சுவர், நடுவில் நுரை, வெளியே கூடு. காசு கொடுத்து வாங்கும் ஹாட்பாக்ஸும் இதே அமைப்புதானே.

இதற்குத் தொட்டியைக் கூட்டிலிருந்து பிரிக்கவே கூடாது. மின் பாகங்களை மட்டும் எடுத்துவிட்டு, துளைகள் இல்லாத மேல்பாகத்திலிருந்து 28 சென்டிமீட்டர் அளந்து சுற்றிலும் கோடு போட்டு, கூடு, நுரை, தொட்டி மூன்றையும் சேர்த்து அறுங்கள். கட்டிங் மெஷின் வேகமாக முடிக்கும், ஆனால் அதன் பொறி நுரையில் பட்டால் பற்றும். ஹாக்ஸாதான் வேண்டும், ஒரு மதியம் ஆகும். கண்ணாடிப்பூச்சுத் தொட்டி என்றால் பூச்சு சில்லாகத் தெறிக்கும், கண்ணாடி அணியாமல் அறுக்காதீர்கள். எவர்சில்வர் தொட்டியே இதற்கு உத்தமம்.

கவிழ்த்தால் உள்ளே கும்மென்ற குடம்போல் ஒரு வாளி. அடி உருண்டிருப்பதால் பிரிமணைமேல் உட்காரவையுங்கள். அறுத்த விளிம்பில் தெரியும் நுரையை அலுமினிய டேப்பால் மூடி, உலோக ஓரத்துக்குப் பழைய ஹோஸ் பைப்பை நெடுக்கப் பிளந்து மாட்டுங்கள். அறுத்து எடுத்த கீழ்த்துண்டு மூடியாகும், அதன் துளைகளில் துணியை அடையுங்கள். மூடிபோட்ட மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து, பக்கத்தில் வெந்நீர் நிரப்பிய எவர்சில்வர் தூக்குவாளி ஒன்றையும் வையுங்கள். நுரையோ தொட்டிச் சுவரோ மாவில் நேராகப் படக்கூடாது, எப்போதும் பாத்திரத்துக்குள் பாத்திரம். அக்கா வீட்டில் இப்போது அதே கூட்டில் தயிரும் உறைகிறது. அரைவேக்காட்டில் இறக்கிய பருப்பைக்கூட அதற்குள் வைத்து வேகவிடுகிறாள்.

அறுக்கப் பொறுமை இல்லாதவர்கள் நுரையைச் சுத்தமாக நீக்கிவிட்டு, தொட்டியைக் கட்டிங் மெஷினில் குறுக்கே இரண்டாக்கிச் செடித்தொட்டி செய்யலாம். புதினாவும் கீரையும் நன்றாக வரும், உட்சுவரில் தேங்காய் மட்டை நாரை வைத்தால் வேர் வேகாது. செம்புத் தொட்டியில் செடி வைக்காதீர்கள். மிகுந்த செம்பு வேருக்கு ஆகாது.

கடைசியில் மிஞ்சியவை

காயிலின் செம்பு, பித்தளை நிப்பிள்கள், வால்வுகள் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். ஒன்றாகப் போட்டால் இரும்பு விலைதான் கிடைக்கும். சுவர்க் கொக்கிகள் மாடியில் கொடி கட்ட உதவும். தெர்மோஸ்டாட், கட் அவுட், விளக்கு, வயர் இவற்றைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மின்னணுக் கழிவுக்கென்று 2023 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் நடப்பில் இருக்கின்றன, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளர்கள் இவற்றை எடுத்துக்கொள்கிறார்கள். புதிய கீசர் வாங்கிய கடையிலும் கேட்டுப் பாருங்கள். மிஞ்சிய நுரைத் துண்டுகளைச் சாக்கில் கட்டி அந்த மறுசுழற்சியாளர்களிடமே கொடுங்கள், கொல்லையில் போட்டுக் கொளுத்த வேண்டாம்.

பழைய இரும்புக் கடைக்காரர் அடுத்த முறை வந்தபோது என்னிடம் இருந்தது அந்தச் செம்புச் சுருளும் ஒரு கைப்பிடிப் பித்தளையும்தான். எடை போட்டுக் காசைக் கொடுத்துவிட்டு மாடியை அண்ணாந்து பார்த்தார். "அந்தக் கறுப்புப் பொட்டி என்னங்க?" என்றார். சாயங்காலம் ஐந்து மணி. ஏறி வரச் சொல்லி, குழாயைத் திறந்து கையில் பிடிக்கச் சொன்னேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். தன் கடையில் இப்படி இரண்டு கிடப்பதாகச் சொல்லி, எது ஓட்டை இல்லாதது என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டார்.